நாலு பைட் சிக்கனம்

ஜம்புநாதனுக்குச் சிக்கனம் ரத்தத்தில் ஊறியது. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில்தான் கணக்குப் போடுவார். பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து, கடைசிப் பொட்டு வரை வழித்தெடுப்பார். "குழாய் அழறது, விட்டுடுங்கோ" என்று மனைவி பாமா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

இந்தக் குணத்தோடுதான் 1996இல், புனேயின் ஔந்த் பகுதியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்காக அவர் கணக்கு லைப்ரரி எழுதினார். சமன்பாடு தீர்ப்பது, நீளமான எண் பட்டியல்களைப் பெருக்கிக் கூட்டுவது போன்ற வேலைகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால், கம்பெனியின் எல்லா புரோகிராம்களும் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும். ஐந்து வருஷம் அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை. "என் லைப்ரரி விழாது" என்று டீ வேளையில் தவறாமல் அறிவிப்பார். யாரும் கேட்காவிட்டாலும் அறிவிப்பார்.

2001இல் ஒரு வாடிக்கையாளர், இதெல்லாம் எங்கள் யூனிக்ஸ் மெஷினிலும் ஓட வேண்டும் என்றார். வேலை ரோஹிணிக்குப் போனது. புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண், சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பிசியில் ஜம்மென்று ஓடிய புரோகிராம், புது மெஷினில் ஏற்றியதும் பொத்தென்று விழுந்தது. மேலாளர் விஸ்வேஸ்வரன் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலைன்னா உன்னைக் கன்ஃபர்ம் பண்ண முடியாதும்மா."

"சார், லைப்ரரிக்குள்ளதான் விழறது..." என்று திங்கட்கிழமை ரோஹிணி இழுத்தாள்.

"நீ தப்பான பட்டியலைக் கொடுத்தா எந்த லைப்ரரியும்தான் விழும்" என்று ஜம்பு சிரித்தார். ஆபீஸே கூடச் சிரித்தது. யாருடைய புரோகிராம் விழுகிறதோ அவர் எல்லாருக்கும் வடாபாவ் வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அந்த வாரம் ரோஹிணி மூன்று தடவை வாங்கினாள். ஜம்பு மூன்று தடவையும் இரண்டிரண்டு சாப்பிட்டார், பச்சை மிளகாயோடு.

வியாழன் மதியம் அவருக்கே பாவமாகிவிட்டது. "எழுந்திரு, எங்க தப்புன்னு நான் காட்டறேன்" என்று பெருந்தன்மையோடு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சாப்பிடப் போய்விட்டாள். அவள் எழுதியதை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசியில் மிஞ்சியது பத்து வரி, எல்லாமே லைப்ரரியைக் கூப்பிடும் வரிகள். ஓட்டினார். விழுந்தது. விழுந்த இடத்தில் அவர் பெயரும், 1996ஆம் வருஷத்துத் தேதியும் இருந்தன.

பட்டியலுக்கு முன்னால், அதில் எத்தனை எண்கள் என்று குறித்து வைக்க நாலு பைட் இடம் போதும். எட்டு பைட் விட்டிருந்தால், பின்னால் வரும் எண்கள் எட்டின் மடங்கில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். நாலு வீணாகிறதே என்று ஜம்பு மிச்சம் பிடித்திருந்தார். லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒண்டிக்கொள்கிறவரைப் போல பிசி எப்படியோ சமாளித்தது. யூனிக்ஸ் மெஷினோ, இடம் பிசகினால் புரோகிராமையே வெளியே தள்ளியது.

நாலை எட்டாக்கினார். ரோஹிணியின் புரோகிராமை முழுசாக ஓட்டினார். ஓடியது. அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று மனசு சொன்னது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. ஐந்து வருஷத்து டீ வேளைகள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

சாப்பிட்டுவிட்டு வந்த விஸ்வேஸ்வரன் திரையைப் பார்த்தார். "அடடே, ஓடறதே! என்ன தப்பு பண்ணியிருந்தா இவ?"

ரோஹிணி அவர் பின்னாலேயே வந்து நின்றாள். ஜம்பு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அவ ஒண்ணும் பண்ணலை. தப்பு என்னோடது. அஞ்சு வருஷமா என்னோடதுதான்."

விஸ்வேஸ்வரன் திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "சரி, இவ கன்ஃபர்மேஷன் லெட்டரை டைப் அடிக்கச் சொல்றேன்" என்று போய்விட்டார்.

"மன்னிச்சுக்கோம்மா" என்றார் ஜம்பு. "பத்து வரியில பிடிச்சேன். நாலை எட்டாக்கினேன், அவ்வளவுதான்."

"தெரியும் சார். செவ்வாய்க்கிழமையே நானும் அதே மாதிரி பாத்துட்டேன்."

"அரே, பின்னே ஏன் வாயைத் திறக்கலை?"

"நான் சொன்னா திரும்பச் சிரிச்சிருப்பீங்க. நீங்களா உக்காந்தா கண்டுபிடிச்சுடுவீங்கன்னு தெரியும் சார்" என்றாள் ரோஹிணி. "கண்டுபிடிச்சா சொல்லுவீங்களாங்கறதுதான் தெரியலை. மூணு நாளா எனக்கு அந்த பயம்தான்."