ஞாயிற்றுக்கிழமைக் காது

எங்கள் வீட்டில் முக்கியமான பேச்சு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் நடக்கும். மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது, தண்ணீர் வராததற்கு வீட்டுக்காரம்மாவிடம் யார் சண்டை போடுவது, எதுவாக இருந்தாலும் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கும். நல்ல நேரம் பார்த்து அல்ல. என் கணவருக்குக் காது நன்றாகக் கேட்பது அப்போதுதான்.

அவருக்கு வேலை ஓசூரில் ஒரு என்ஜின் கம்பெனியில். இரண்டு சக்கர வண்டிக்கான என்ஜின்களைக் கோத்து முடித்ததும், வெளியே அனுப்பும் முன் ஒரு மூடிய கூடத்தில் வரிசையாக வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். டெஸ்ட் பெட் என்பார்கள். ஓடுகிற என்ஜின் பக்கத்தில் நின்று, சத்தத்தை வைத்தே குறையைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் அந்தக் கூடத்தில்தான். ஷிஃப்ட் முடிந்து வரும்போது காது இரண்டும் அடைத்துப் போயிருக்கும். சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க ஆரம்பித்து, ஞாயிறு சாயங்காலம் மனிதக் காதாகும். திங்கள் காலை மறுபடியும் அடைத்துக்கொள்ளும்.

கம்பெனி கொடுத்த இயர் பிளக் அவர் கழுத்தில் தாலிக்கயிறு மாதிரித் தொங்கும், காதுக்குள் மட்டும் போகாது. கேட்டால், “அத மாட்டிக்கிட்டா என்ஜின் சொல்றது எனக்கு எப்படிக் கேக்கும்?” என்பார். என்ஜின் சொல்வது கேட்கும். நான் சொல்வது கேட்காது.

இதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது, மறைப்பானேன். வார நாட்களில் அடுப்பைப் பார்த்தபடி அவரை வாய்க்கு வந்தபடி வைது தீர்ப்பேன். கூடத்தில் டிவியை அலறவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் எட்டாது. ஒருமுறை கிழமையை மறந்து ஞாயிற்றுக்கிழமை வைதுவிட்டேன். “ஏன், எங்க அப்பத்தாவ இழுக்குற?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது.

ஆனால் வருஷம் போகப் போக அந்த ஞாயிற்றுக்கிழமைக் காதும் தேய ஆரம்பித்தது. எங்கள் மகள் பிறந்ததிலிருந்து அப்பாவிடம் கத்தியே பேசிப் பழகியவள். “உங்க பொண்ணு சாதாரணமா பேசறதே சண்டைக்கு வர்ற மாதிரி இருக்குது” என்று அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அவரை இழுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனேன்.

“போனது போனதுதான்மா, திரும்ப வராது. அந்தக் கூடத்த விட்டு வெளிய வந்தா மிச்சம் இருக்கறது நிக்கும். இல்லன்னா அதுவும் போயிடும்” என்றார் டாக்டர், என்னைப் பார்த்து, மெதுவாக.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், “டாக்டர் என்ன சொன்னாரு?” அன்று வியாழக்கிழமை. ஆகவே, பெங்களூர் பஸ்ஸுக்கு நின்றிருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் கத்திச் சொன்னேன். இவர் சிரித்துவிட்டு, “எனக்கு வேற என்ன வேல தெரியும்?” என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சம் அல்ல.

அப்புறம்தான் மின்சார வண்டிப் பேச்சு வந்தது. பெட்ரோல் என்ஜின் குறையப் போகிறது, எங்கள் கம்பெனியிலும் மோட்டார் லைன் வரப் போகிறது என்று முதலில் டீக்கடையில் பேசினார்கள், பிறகு நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டினார்கள். ஓசூரில் அப்போது போகிற இடமெல்லாம் இதே பேச்சு. எங்கள் தெருக்கோடியில் லேத் வைத்து என்ஜின் சாமான் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் புலம்பினார். அவர் புலம்பியதில் நியாயம் இருந்தது. எனக்கோ உள்ளே குளிர்ந்தது. துக்க வீட்டில் சிரிப்பு வந்தவள் மாதிரி முகத்தைக் கஷ்டப்பட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

உலகம் சூடாகிறது, பெட்ரோலையும் டீசலையும் நிலக்கரியையும் எரிப்பதை நிறுத்தியாக வேண்டும் என்று டிவியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு சேனலை மாற்றிவிடுவேன். நாங்கள் ஓசூரில் குடித்தனம் வந்தபோது வீட்டில் ஃபேன்கூடக் கிடையாது, தேவைப்படவில்லை. இப்போது கடன்காரன் மாதிரி வெயில் வாசலிலேயே நிற்கிறது. அதைப் பார்த்துமே எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு பெரிய விஷயம் என் கணவரின் காது வழியாக வீட்டுக்குள் வந்தபோதுதான் உறைத்தது. உலகத்துக்கு நல்லதோ என்னவோ, முதலில் எனக்கு நல்லது என்று நினைத்தேன்.

டெஸ்ட் பெட்டை மூடுகிற தேதியைச் சொன்னார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மோட்டார் லைனிலும் சத்தம் கேட்டுச் சோதிக்க ஆள் வேண்டும், ஆனால் மோட்டார் முணுமுணுக்க மட்டும்தான் செய்யும். ஆகவே காது டெஸ்ட் வைப்பார்கள். தேறினால் மோட்டார் லைன். தேறாவிட்டால் வடக்கே இருக்கிற இன்னொரு பிளான்ட். அங்கே இன்னும் சில காலத்துக்கு என்ஜின்தான், அதே மாதிரி கூடம்தான்.

தேறாவிட்டால் இவர் பாஷை தெரியாத ஊருக்குப் போவார், மிச்சக் காதையும் அங்கேயே விட்டுவிட்டு வருவார்.

டெஸ்ட் ஒரு திங்கட்கிழமை காலை. அதற்கு முந்தின இரண்டு நாள் சத்தமே இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வரச் சொல்லி கம்பெனி டாக்டர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். இதை என் கணவர் என்னிடம் சொன்னது வெள்ளிக்கிழமை. அதுவும் போகிற போக்கில். அது ஆடி மாசம். எங்கள் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுவதற்காகப் பந்தல் போட்டு, கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி சரியாக எங்கள் ஜன்னலைப் பார்த்து நின்றது.

“நாகரசம்பட்டிக்குக் கிளம்புங்க” என்றேன். அங்கே என் தம்பிக்கு மாந்தோப்பு இருக்கிறது, ஊரை விட்டுத் தள்ளி. தோப்புக்குள்ளேயே வீடு.

சனிக்கிழமை அவருக்கு லீவு போடச் செய்து, காதில் பஞ்சு அடைத்து, அதன்மேல் மப்ளரைச் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். வியர்வை வழிய அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “காய்ச்சலாம்மா அவருக்கு?” என்று கண்டக்டர் பரிதாபப்பட்டார். “இல்லண்ணே, பரீட்சை” என்றாள் என் மகள். கிருஷ்ணகிரியில் இறங்கி டவுன் பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. தம்பியின் கிணற்றில் டீசல் என்ஜின் இருக்கிறதே! டுப் டுப் என்று அது ஓட ஆரம்பித்தால் அரை மைலுக்குக் கேட்கும். புகை வேறு. புத்தி கெட்டவள், ஸ்பீக்கருக்குத் தப்பி என்ஜினிடமே கூட்டி வந்திருக்கிறேன்.

தோப்புக்குள் நுழைந்தபோது ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

“வாக்கா, வாங்க மாமா” என்று தம்பி எதிரே வந்தான்.

“என்ஜின் ரிப்பேரா?” என்று வாய் கொள்ளாத சந்தோஷத்தோடு கேட்டேன். “ரெண்டு நாளைக்கு அப்படியே இருக்கட்டும்டா. திங்கட்கிழமை ஆளக் கூப்பிட்டுக்கலாம்.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “ஏங்க்கா, உன் கால்கிட்ட பாரு, தண்ணி ஓடிக்கினு இருக்குது.”

குனிந்து பார்த்தேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. செருப்பு நனைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

“சோலார் மோட்டாரு போட்டுட்டன்க்கா. என்ஜின அப்பவே தள்ளிவிட்டாச்சு. மாங்கா வித்த காசெல்லாம் பெட்ரோல் பங்க்குக்கே போய்க்கினு இருந்துச்சு” என்றான். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தான். “பூ வைக்கிற மாசமே மாறிப்போச்சு. வெச்ச பூவும் வெயில்ல கருகுது. நானே டீசல எரிச்சிக்கினு, நானே வெயில திட்டிக்கினு இருந்தன்.”

என் கணவர் மப்ளரை அவிழ்த்துவிட்டு கிணற்று மேட்டுக்குப் போய்க் குழாயில் காதை வைத்தார். என்ஜின்காரர் இல்லையா, சும்மா இருப்பாரா? ரொம்ப நேரம் அப்படியே குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. “ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது” என்றார்.

எனக்கு அப்போது அவர்மேல் இரக்கம் வந்தது. அவ்வளவு வருஷம் பேசிப் பழகிய என்ஜின்களை விட்டு வருகிறார். அந்த வாரம்தான், டெஸ்ட் பெட்டில் கடைசி என்ஜின் ஓடிய அன்று கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார்களாம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்து அழுதார். நான் சந்தோஷப்பட்டது நிஜம், அவர் அழுததும் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. மாமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தவர், “அது என்ன கறக் கறக்குன்னு?” என்று கேட்டார். மேலே அணில் ஒன்று எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. எனக்கே காது கொடுத்த பிறகுதான் கேட்டது. இது தேறிவிடும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் ஊருக்குள்ளிருந்து குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்தது. அங்கேயும் ஆடிதானே! தென்னைமரத்து உச்சியில் தோப்பைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள்.

தம்பி தடுக்கத் தடுக்க நான் முந்தானையைச் செருகிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். சவுண்டு சர்வீஸ் ஆளிடம் குழாயைத் திருப்பச் சொன்னேன்.

“அம்மன் காரியத்துல கொற சொல்லாதீங்கம்மா” என்றான்.

“அம்மனுக்குக் காது நல்லாத்தான் கேக்கும். எங்க வீட்டுக்காரருக்குத்தான் நாளைக்குப் பரீட்சை” என்றேன். கூழுக்கு நின்றிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். தர்மகர்த்தா எனக்குப் பெரியப்பா முறை. “சின்னதுல இருந்தே இது இப்பிடித்தான். திருப்பிக் கட்டுடா, இல்லன்னா இதுவே மரம் ஏறிடும்” என்றார். குழாய் ரோட்டுப் பக்கம் திரும்பியது. அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை தம்பி இருட்டோடு அவரைத் தன் மின்சார ஸ்கூட்டரிலேயே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய், சத்தம் குறைந்த பஸ்ஸாகப் பார்த்து ஏற்றிவிட்டான். நானும் மகளும் பின்னால் கிளம்பினோம். பஸ் சூளகிரியைத் தாண்டும்போது போன் வந்தது. என் கணவர் போனில் பேசினால் பக்கத்து ஊருக்கே கேட்கும். அன்று அவர் வாய் அசைத்த மாதிரிதான் இருந்தது.

“கேக்கல! சத்தமாப் பேசுங்க!” என்று கத்தினேன். அந்த வார்த்தையை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

“வடக்க போக வேணாமாம்” என்றார். “வலது காது கொஞ்சம் மந்தம்தானாம். ஆனா போதுமாம்.”

நான் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். மகள் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவரோடு டெஸ்ட் பெட்டில் இருந்த ஒருவர் தேறவில்லை. அவர் வடக்கே போய்விட்டார். அவர் மனைவியைக் கடைவீதியில் பார்த்தால் விலை கேட்கிற மாதிரித் திரும்பிக்கொள்கிறேன். என் நிம்மதியில் அந்த ஒரு முள் இருக்கிறது, இருக்கட்டும். லேத்காரர் மட்டும் இப்போது மோட்டாருக்கான உருளை ஏதோ கடைவதாகச் சொன்னார். புலம்பலை விடவில்லை, ஆனால் குரலில் தெம்பு வந்திருக்கிறது.

மோட்டார் டெஸ்ட் பண்ணுகிற இடம் கண்ணாடி அறையாம். உள்ளே யாரும் பேசக் கூடாதாம். “சாமியார் மடம் மாதிரி இருக்கு” என்று முதல் வாரம் முழுக்கக் குறைபட்டுக்கொண்டார். சட்டையில் பெட்ரோல் வாடை நின்றுவிட்டது. டிவி சத்தம் தானாகவே இறங்கியது. அதையெல்லாம் நான் கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை, கண் பட்டுவிடுமோ என்று.

ஒருநாள் சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் நான் அடுப்பைப் பார்த்து முணுமுணுத்தேன். வழக்கமான வசவுதான் ஆரம்பித்தது, எப்படியோ வேறு எங்கோ போய் முடிந்தது. “வடக்க மட்டும் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்” என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

“அதான் போகலல்ல” என்றார் அவர்.

கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, இருக்கிறதிலேயே சின்னக் குரலில் கேட்டேன்.

“இன்னிக்கு என்ன கிழமைங்க?”

“புதன்” என்றார்.