ஒல்லாந்து வாளுக்கு நான் அடித்த இலக்கம்

1. பறந்த வாள்

கல்முனையில் ஒரு கலாசார நிலையத்தில் நான் களஞ்சியப் பொறுப்பாளர். இருபத்தாறு வருடச் சேவையில் நாற்காலி, மத்தளம், ஒலிபெருக்கி, திரைச்சீலை, தண்ணீர்த் தாங்கி என்று பலவற்றைக் கையேற்றிருக்கிறேன். வாள் கையேற்றது இரண்டு தடவைதான். முதலாவது வாளே அல்ல என்பது அது உடைந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

மாகாண நாடகப் போட்டிக்கு எங்கள் நிலையம் ஒரு நாடகம் தயாரித்தது. எழுதி நெறிப்படுத்தியவர் ஸ்டெல்லா டீச்சர், மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். வயலுக்குத் தண்ணீர் வரும் அணைக்கட்டை உடைக்க வரும் ஒல்லாந்துப் படைக் கப்பித்தானை, வயல் நீரைப் பங்கிடும் ஊர் வட்டவிதானை தடுத்து நிற்பதுதான் கதை. கப்பித்தானாக நடித்தவர் தபால் கந்தோரில் வேலை செய்யும் சேகர். வட்டவிதானையாக நடித்தவர் லெவ்வை அண்ணாவி. அவர் எங்கள் பக்கத்துச் சீனடிச் சிலம்பத்தில் பெயர் பெற்ற ஆசான், அதனால்தான் அண்ணாவி. நெற்கதிரைச் சூடடிக்கும்போது வைக்கோல் தாள் குத்தி அவருடைய இடது கண் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் கம்பு சுற்றுகிறார், வயல் செய்கிறார், மோட்டார் சைக்கிளும் ஓட்டுகிறார்.

கொழும்பில் அலங்காரப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் முதல் வாளை வாங்கினேன். கண்ணைப் பறிக்கும் மினுக்கம், பித்தளைப் பிடி, சிவப்பு உறை. சண்டைக் காட்சியின் முதலாவது ஒத்திகையில் சேகர் ஓங்கி வெட்டினார், அண்ணாவி கம்பால் தடுத்தார். பிடி சேகரின் கையில் இருந்தது. அலகு அண்ணாவியின் வலது காதை ஒட்டிப் பறந்து ஒலிபெருக்கிப் பெட்டியின் வலையைக் கிழித்துக்கொண்டு நின்றது.

அண்ணாவி கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் மூத்தவர்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஸ்டோர் காக்கா, எனக்கிட்ட இருக்கிறது ஒரு கண்தான். அதையும் உங்கட ஸ்டோருக்கு எடுக்கப் பாக்கிறீங்களா?”

“அண்ணாவி, அது கடைக்காரன் செய்த வேலை” என்றேன்.

“கடைக்காரன எனக்குத் தெரியா. உங்களத்தான் தெரியும். இனி வாள் எண்டா எதிர்ல நிக்க ஏலாது. மரத்தால செஞ்சி தாங்க.”

ஸ்டெல்லா டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. “மரத்த மரத்தால அடிச்சா சந்தையில கருவாட்டுப் பெட்டி உடைக்கிற சத்தம்தான் வரும், அண்ணாவி. அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் இந்த நாடகத்தையே எழுதின.”

உடைந்த இடத்தை நான் பார்த்தேன். அகலமான அலகுக்குப் பின்னால் பென்சில் தடிப்பில் ஒரு கம்பியை வெல்டிங் வைத்திருந்தார்கள். பிடிக்குள் இருந்தது அந்தக் கம்பி மட்டும்தான். சுவரில் மாட்ட அது போதும். அடிபட வேண்டிய வாளுக்கு எது போதும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

2. பெனடிக்ட்டின் பட்டறை

மட்டக்களப்பில், போர்த்துக்கேய, ஒல்லாந்து வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் சில பரம்பரையாக இரும்பு வேலை செய்பவர்கள். ஸ்டெல்லா டீச்சரின் உறவுக்காரர் ஒருவர் மூலமாக பெனடிக்ட்டைப் பற்றி அறிந்தேன். என் வயதுதான் அவருக்கும். நெல் வெட்டும் மிசின்களின் கத்தி, படகு எஞ்சினின் சாஃப்ட் எல்லாம் செய்பவர். ஓய்வு நேரத்தில் ஐரோப்பிய வாள்களைப் படம் பார்த்து, அளவெடுத்து, சரியான எடையில் செய்துபார்ப்பவர். நான் போனபோது மேசையில் அப்படி ஒன்று கிடந்தது.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதிய அளவுகள் இவை: முழு நீளம் 92 சென்ரிமீற்றர். அலகு 76. எடை ஒரு கிலோ 140 கிராம். இரண்டு பக்க ஓரமும் கூராக்கப்படாமல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி விடப்பட்டவை. முனையும் உருண்டை. லொறியின் ஸ்பிரிங் பட்டையை அடித்து நீட்டிச் செய்தது.

மினுக்கம் இல்லை. பார்த்தவுடன் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கையில் எடுத்தவுடன் அது போய்விட்டது. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு என்று மணிக்கட்டுக்குத் தெரியவேயில்லை. பிடிக்கு மேலே கையைக் காக்கும் குறுக்குக் காவலிலிருந்து நான்கு விரல் தள்ளி அலகின் அடியில் ஒரு விரலை வைத்தால் முழு வாளும் அதில் ஆடாமல் நின்றது.

“அந்தக் குமிழ் சும்மா வடிவுக்கில்ல சேர்” என்றார் பெனடிக்ட், பிடியின் அடியில் இருந்த உருண்டையைத் தட்டிக்காட்டி. “முன்பாரத்த அதுதான் பின்னால இழுக்குது. அலகுட காம்பு பிடிக்குள்ளால முழுசா வந்து, குமிழையும் துளைச்சி, வெளியால வருது. அங்க பழுக்கக் காய்ச்சித் தலை அடிச்சிருக்கன். வெல்டிங் ஒரு பொட்டும் இல்ல.”

“முன்னம் வாங்கினது ஒத்திகையில பறந்தது. இதுவும் கழண்டு பறக்காதா?”

வாளின் முனையை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் இறுக்கினார். பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார். அலகு தூண்டில் கம்பு போல் வளைந்தது. நான் ஓரடி பின்னால் போனேன். கையை விட்டதும் நேராக வந்து நின்றது. அளவெடுக்க வைத்திருந்த அடிமட்டத்தை அலகில் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் புகும் இடைவெளி எங்கும் இல்லை.

“அடிமட்டத்தோட வாள் வாங்க வந்த முதல் ஆள் நீங்கதான்” என்று சிரித்தார்.

வாங்குவது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. மூன்று விலைமனு இல்லாமல் எங்கள் நிலையம் கூட்டுகிற தும்புத்தடி ஒன்றும் வாங்காது. கிழக்கில் வாள் விற்கும் மூன்று பேரை எங்கே தேடுவது? பெனடிக்ட் ஒன்று தந்தார். மற்ற இரண்டும் வாங்க நான் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். வெற்றிக் கேடயம் செய்யும் ஒருவர் ‘வாள், பிளாஸ்டிக், தங்க நிறம்’ என்று எழுதித் தந்தார்.

அதைவிடப் பெரிய விடயம் பொலிஸ் கடிதம். ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம்களின் வீடு வீடாகக் கத்தி தேடிய காலத்தை எங்கள் ஊர் மறக்கவில்லை. மீன் வெட்டும் கத்தியைக்கூடக் கிணற்றில் போட்டவர்கள் இருந்தார்கள். என்னைப்போல் தொப்பி போட்ட ஒருவர் பஸ்ஸில் வாளோடு வருவது என்பது விளையாட்டல்ல. நாடகப் பிரதி, நிலையத்தின் கடிதம், வாளின் படம், அளவுகள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போனேன். தமிழ் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர் இரண்டு தடவை வாசித்தார்.

“வாள் எண்டு ஏன் எழுதினீங்க? நாடகச் சாமான் எண்டு எழுதினா முடிஞ்சுது.”

“பொருளை அதுட பேராலதான் எழுதணும், சேர். மறுகா ஆரும் திறந்து பாத்தா நான் ஒளிச்ச மாதிரி ஆகும்.”

அவர் கடிதத்தில் முத்திரை குத்தினார். “சரி. ஆனா பஸ்ஸில உருவிக் காட்டாதீங்க, ஓமா?”

வாளைப் பன்புல்லால் இழைத்த பாயில் சுற்றிக் கட்டி, கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா “பாய் என்ன விலைக்கு எடுத்த?” என்று மட்டும் கேட்டார்.

3. நான்கு இலக்கங்கள்

களஞ்சியத்துக்குள் வரும் நிரந்தரப் பொருள் ஒவ்வொன்றிலும் இன்வென்டரி இலக்கம் அழியாதபடி இருக்க வேண்டும். மரமென்றால் தீந்தையால் எழுதுவது, இரும்பென்றால் உளி போன்ற நம்பர் பஞ்சால் அடித்துப் பதிப்பது. இந்த விடயத்தில் அதுவரை ஒரு கணக்காய்வாளரும் என்னில் பிழை கண்டதில்லை. வாள் வந்த அன்று மாலையே அதை வைஸில் கிடத்தி, குறுக்குக் காவலுக்குக் கீழே, அலகின் நடுவில், நான்கு இலக்கங்களை அடித்தேன். வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தது. பஞ்ச் இரண்டு தடவை வழுக்கியது. நான் மூன்றாம் தடவையும் அடித்தேன். இலக்கங்கள் நேர்வரிசையில் வந்தன. எனக்குத் திருப்தி.

பிறகு பெனடிக்ட்டுக்கு நன்றி சொல்ல அழைத்தேன். பதிந்துவிட்டேன், இலக்கமும் அடித்துவிட்டேன் என்றேன்.

அவர் உடனே கேட்டார்:

“எங்க அடிச்சீங்க?”

சொன்னேன்.

“சேர், அந்த வாளுக்கு முழு அடியும் வந்து சேருற இடம் அதுதான். ஸ்பிரிங் இரும்பில அப்படிக் குத்தினா அந்தக் குத்துல இருந்துதான் வெடிப்பு தொடங்கும். இண்டைக்கு முறியாது. பத்தாம் அடியோ நூறாம் அடியோ, எனக்குச் சொல்லத் தெரியா.”

“முறிஞ்சா?”

“போன தடவை அலகு பறந்து எங்க போச்சு?”

நான் தொலைபேசியை வைத்தேன். ஒத்திகைக்கு இரண்டு நாள் இருந்தது. அண்ணாவி இன்னும் சம்மதிக்கவில்லை. வாளைப் பார்த்த பிறகு யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். இலக்கம் விதிப்படி அடித்தது. முறிந்தால் என்னை ஒருவரும் கேள்வி கேட்க முடியாது என்ற நினைப்பு வந்தது உண்மை. அந்த நினைப்பை நாட்குறிப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே அடுத்த நாள் காலை மட்டக்களப்புப் பஸ்ஸின் நேரம் இருக்கிறது.

பட்டறையில் பெனடிக்ட் என்னைத் திட்டவில்லை. வாளை வெளிச்சத்தில் பிடித்து இலக்கங்களைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

“நேரா அடிச்சிருக்கீங்க” என்றார். “அதுக்கு மட்டும் புள்ளி போடலாம்.”

கிரைண்டரைத் தொடவில்லை. சூடேறினால் இரும்பின் பதம் போய்விடும் என்றார். கரடான தீட்டுக் கல்லால், தண்ணீர் விட்டு விட்டு, அலகின் நீளவாக்கிலேயே தேய்த்தார். குத்தின் அடி வரைக்கும் போய், பக்கத்து இரும்பையும் படிப்படியாகச் சரித்து எடுத்து, பிறகு மென்மையான கல், பிறகு தோல். இரண்டரை மணித்தியாலம். இடையில் பேசியது ஒரு தடவைதான்: “இதில ஒரு மயிர் கோடு மிஞ்சினாலும் வேலை செஞ்சதில அர்த்தமில்ல.” அலகின் தடிப்பு அந்த இடத்தில் அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகக் குறைந்திருந்தது. நான் அளந்தேன். அவர் ஆட்சேபிக்கவில்லை.

பின் மறுபடியும் வைஸில் வளைத்தார், இரண்டு பக்கமும். வெளியே போய்த் தென்னங்குற்றியில் நாற்பது அடி அடித்தார். திரும்பி வந்து மண்ணெண்ணெய் பூசித் துடைத்து, சோக்குத் தூள் தூவிப் பார்த்தார். வெடிப்பிருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து சோக்கில் கோடு காட்டும் என்றார். ஒரு கோடும் இல்லை. வாங்கிய நாளில் எனக்குப் பிடித்தது வாள். அன்று அந்த மனிதரின் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

4. எதிரில் நின்றது

ஒத்திகை நாளில் பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு அண்ணாவி வந்தார். நடந்த எல்லாவற்றையும் சேகருக்கும் டீச்சருக்கும் முன்னாலேயே சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அண்ணாவி வாளை வாங்கித் தேய்த்த இடத்தில் பெருவிரலை ஓடவிட்டார்.

“ஏன் அதுல அடிச்சீங்க காக்கா?”

“விதி அப்படி, அண்ணாவி.”

“ஓம். உங்கட விதி வாளுக்கு. என்ட கண்ணுக்கு என்ன விதி?”

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். அண்ணாவி கையால் நிறுத்தினார். தன் கம்பை என் கையில் தந்தார்.

“நான் நிக்கிற இடத்துல நீங்க நில்லுங்க. கம்பக் குறுக்கால பிடிங்க. சேகரு தம்பி, முப்பது அடி. மேடையில எப்படியோ அப்படி.”

நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கப்போனேன்.

“கழட்டாதீங்க” என்றார் அண்ணாவி. “எனக்குக் கழட்ட ஒண்டுமில்லயே.”

சேகர் தயங்கினார். “சேர், மெதுவா அடிக்கட்டா?”

“மேடையில எப்படியோ அப்படி” என்று நானே சொன்னேன்.

முதல் அடியில் முழங்கை வரைக்கும் அதிர்ந்தது. கண்ணை மூடிவிட்டேன். அண்ணாவி “திறங்க” என்றார். இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதில்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். தகரச் சத்தமல்ல. அடித்த இடத்தில் தொடங்கி அலகு முழுக்க ஓடிப் பிடியில் போய் அடங்கும் ஒரு நீண்ட ஓசை. டீச்சர் அடிகளை மெல்ல எண்ணிக்கொண்டிருந்தார். பத்துக்குப் பிறகு நான் வாளைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கம்பில் பட்டு ஒரு கணம் நடுங்கி நேரானது. இருபதுக்குப் பிறகு கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

முப்பதாவது அடிக்குப் பிறகு அண்ணாவி வாளை வாங்கினார். தேய்த்த இடத்தைத் தன் ஒற்றைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். மண்ணெண்ணெயும் சோக்கும் கொண்டுவந்திருந்தேன். அதையும் செய்யச் சொன்னார். சோக்கு ஒரு கோடுமில்லாமல் வெள்ளையாகவே இருந்தது.

“மட்டக்களப்பான் நல்ல வேலைக்காரன்” என்றார். கம்பை என் கையிலிருந்து எடுத்தார். “விலகுங்க. இது நான் நிக்கிற இடம்.”

போட்டியில் எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. வாள் இன்றும் களஞ்சியத்தில் எண்ணெய் பூசிய துணியில் இருக்கிறது. அதன் இலக்கம் அந்தத் துணியின் ஓரத்தில் தைத்த பட்டியில் இருக்கிறது. ‘பொருளில் இலக்கம் இல்லை’ என்று ஒரு கணக்காய்வாளர் குறிப்பெழுதினார். என் சேவையில் என்மேல் எழுதப்பட்ட ஒரே குறிப்பு அது. நான் மறுத்து எழுதவில்லை.

களஞ்சிய வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இலக்கம் போடுமுன் அந்தப் பொருளைப் பாவிக்கப்போகிறவரைக் கூப்பிட்டு, எங்கே போடலாம் என்று கேளுங்கள். ஏணி வந்தபோது மின்விளக்குக் கட்டுகிறவரைக் கேட்டேன், மத்தளம் வந்தபோது அடிக்கிறவரைக் கேட்டேன். மத்தளத்துக்கு எங்கே இலக்கம் போட்டால் என்ன என்று கந்தோரில் சிரிக்கிறார்கள். லெவ்வை அண்ணாவி சிரிப்பதில்லை.