கண்ணாடி கடித்த புண் என்றே நினைத்தேன்

நான் கண்டிக்கு அருகே மடவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் மூக்கின் ஒரு பக்கத்தில், கண்ணாடி அழுத்துமிடத்தில், சின்னப் புண் ஒன்று வந்தது. காயும், பொருக்கு உதிரும், மறுபடி இரத்தம் கசியும். கண்ணாடிதான் உரசுகிறதென்று ஆறு மாதத்தில் இரண்டு பிரேம் மாற்றினேன்.

மூன்றாவது வாங்கக் கண்டிக்குப் போனபோது கடைக்காரர் தர மறுத்துவிட்டார்.

"டீச்சர், கண்ணாடி கடிச்சா ரெண்டு பக்கமும் தழும்பு இருக்கும். இது ஒரு பக்கம் மட்டும் ஆறாம இருக்கு. முதல்ல டொக்டர்கிட்ட காட்டுங்க. பிரேம் எங்கயும் ஓடிப் போகாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் தோல் வைத்தியரிடம் போனேன். அவர் சிறு துண்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வந்த முடிவு, தோல் புற்றுநோய். கூட வந்திருந்த என் கணவர் "யா அல்லாஹ்!" என்றார்.

"பயப்படாதீங்க" என்றார் வைத்தியர். "இந்த வகை உடம்புல பரவுறது ரொம்ப அரிது. ஆனா விட்டா, இருக்கிற இடத்தை அரிச்சிடும். சிலருக்குப் பூசுற கிறீமோ கதிர்ச் சிகிச்சையோ போதும். உங்களுக்குக் கண்ணுக்குக் கிட்ட இருக்கிறதால வெட்டி எடுக்கிறதுதான் நல்லது."

அந்த இடம் மரத்துப்போக விறைப்பு ஊசி போட்டு வெட்டியெடுத்து, காதின் பின்னாலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். வெட்டிய துண்டின் ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று அறிக்கை வந்த அன்றே, கணவர் அந்தக் கண்ணாடிக் கடைக்கு இனிப்பாக வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இப்போது, ஒரு மாதத்தில் ஆறாத புண்ணுக்கு நானாகக் காரணம் சொல்லிக்கொள்வதில்லை. போன வாரம் கணவரின் உச்சந்தலையில் ஒரு பொருக்கைக் கண்டேன். எப்போது வந்ததென்று அவருக்கே நினைவில்லை. "சீப்பு பட்டிருக்கும்" என்றார். நாளைக் காலை கிளினிக்கில் அவருக்கு நம்பர் எடுத்திருக்கிறேன்.