செல்வம் அன்ரி எரித்த அயர்லாந்து

போன சனிக்கிழமை சிட்னியில், பென்டில் ஹில் தமிழ்க் கடையில் வறட்டி கண்டேன். ஓம், மாட்டுச் சாணி வறட்டிதான். பத்து வறட்டியை பிஸ்கட் மாதிரி அடுக்கி, கண்ணாடித் தாள் சுற்றி, 'பூசைக்கு' என்று லேபல் ஒட்டி, அப்பளத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கூட வந்த என் மகள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மா, இஸ் திஸ் குளூட்டன் ஃப்ரீ?" என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் காசு வாங்குகிற தம்பியே எட்டிப் பார்த்தான்.

பிறகு அதை வாங்கி மூக்குக்குக் கிட்டே பிடித்தேன். அந்த வாசத்துக்கு எனக்கு மன்னார் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் பிறந்தது அங்கேதான். ஆனால் வந்தது அயர்லாந்து. நான் அயர்லாந்துக்கு ஒரு நாளும் போனதில்லை, படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிட்னிக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அயர்லாந்துக்காரர்களின் சங்கம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். வேலையைத் தந்தவர் பிரண்டன், சங்கத்தின் செயலாளர். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் எனக்கு முன் வாங்கில் இருப்பவர். எழுபது வயது, செம்பட்டைப் புருவம், கையெழுத்து கோழி கிளறின மாதிரி. "உனக்கு ரைப் அடிக்கத் தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன். அரைப் பொய். இரண்டு விரலால் தெரியும்.

நான் முதலில் ரைப் அடித்ததே அயர்லாந்து அரசாங்கத்துக்கு ஒரு பதில் கடிதம். வெளிநாட்டில் இருக்கும் தன் சனத்திடம் அந்த அரசாங்கம் கேட்டிருந்தது: எங்கள் இசை, மொழி, நாடகம், ஆறு, பறவை, சதுப்பு நிலம் இவற்றையெல்லாம் எப்படிப் பாதுகாக்கலாம், உங்கள் அபிப்பிராயம் என்ன? நான் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிடில் வாசிக்கிறவனுக்கும் தவளைக்கும் ஒரே திட்டத்துக்குள் இடம்! அதை விட, கடல் கடந்து போனவர்களை ஒரு அரசாங்கம் தேடிப் பிடித்து 'உங்களுக்கு என்ன வேணும்' என்று கேட்கும் என்பதை நான் அதுவரை அறிந்ததில்லை. மன்னாரில் எங்கள் வீட்டுக்கு அரசாங்கம் அனுப்பிய கடிதங்கள் வேறு மாதிரியானவை. பொறாமையாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

சங்கத்துக் கிழவர்களுக்கோ அந்தத் திட்டத்தில் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. இசைக்கு உதவி என்றால் கை தட்டினார்கள். சதுப்பு நிலம் என்றதும் முகம் சிவந்தது. அவர்கள் ஊரில் சதுப்பு மண்ணைச் செங்கல் போல வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். ரேர்ஃப் என்று பெயர். அரசாங்கம் சில சதுப்புகளை இயற்கை மரபு என்று அறிவித்து, அங்கே வெட்டுவதை நிறுத்திவிட்டது. பிரண்டனின் அப்பா வெட்டிய காணியும் அதற்குள் போய்விட்டது. "பறவைக்கு நல்லதுதான், எனக்கு விளங்குது. ஆனா அப்பா காலமெல்லாம் குனிஞ்சு நிண்ட இடம்" என்றார் பிரண்டன். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு அது இப்படித்தான் காதில் விழுந்தது.

அந்த வருசம் அதே திட்டத்தின் உதவியோடு சங்கத்தில் ஒரு கண்காட்சி வைக்கத் தீர்மானித்தார்கள். கலையும் இருக்க வேண்டும், இயற்கையும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இயற்கைக்கு என்ன வைப்பது? பிரண்டனின் தமையன் ஒரு கட்டி ரேர்ஃப் அனுப்பினார். அப்பாவின் காணியில் கடைசியாக வெட்டியதில் மிஞ்சிய ஒன்று. இனி இல்லை.

அது சிட்னியில் வந்து மாட்டிக்கொண்டது. சப்பாத்தில் ஒட்டின மண்ணையே விமான நிலையத்தில் வைத்துக் கழுவச் சொல்லுகிற நாடு இது. ஒரு முழு மண்கட்டியை விடுவார்களா? திருப்பி அனுப்புவதா, அழிப்பதா, காசு கட்டிக் கிருமி நீக்குவதா என்று கேட்டுத் தொற்றுத் தடுப்பு அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. பிரண்டன் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். "அழிச்சுப் போடுவாங்கள்" என்றார்.

இங்கேதான் என் நேரம் வந்தது. அயர்லாந்துக்காரருக்கு இசை தெரியும், அரசியல் தெரியும். கருவாடு கொண்டுவரத் தெரியுமா? மன்னாரில் இருந்து கட்டாக் கருவாடும் மாசியும் ஒடியலும் இந்த நாட்டுக்குள் இறக்கின குடும்பம் எங்களுடையது. படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'ஓம்' என்று புள்ளடி போடு, பெட்டியை நீயே திற, அவர்கள் கேட்க முதல் நீ சொல்லு: இதுதான் அம்மா எங்களுக்குச் சொல்லித்தந்த வேதம். நான் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அது என்ன, எங்கே வெட்டியது, எத்தனை வருசம் காய்ந்தது, யார் தொடுவார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்புவித்தேன். இரண்டு விரலால் நாலு பக்கம் ரைப் அடித்து அனுப்பினேன். கதிர்வீச்சு அடித்து, முத்திரை குத்தி, மூன்றாம் கிழமை கட்டி கைக்கு வந்து சேர்ந்தது.

சங்கத்தில் எனக்கு நடந்த மரியாதையைப் பார்த்திருக்க வேண்டும்! பெயர் சொல்லத் தெரியாதவர்களெல்லாம் எழும்பிக் கை கொடுத்தார்கள். நான் ஒரு சாண் உயரமாகித்தான் வீட்டுக்குப் போனேன். அந்த உயரத்தில் இருந்துதான் விழுந்தேன்.

கண்காட்சி நாளன்று சாப்பாடு எங்கள் பொறுப்பு. அதுவும் என்னுடைய யோசனைதான். டூங்கபியில் இருந்து செல்வம் அன்ரியைக் கூட்டிவந்தேன். யாழ்ப்பாணத்துக்காரி. வடையும் பற்றிசும் அவவைப் போல் சுட மேற்கு சிட்னியில் ஆளில்லை. கையில் எப்போதும் ஒரு பை, அதற்குள் சாம்பிராணி. கோயிலோ கலியாண மண்டபமோ பள்ளிக்கூடமோ, புதுக் காரியம் தொடங்குகிற இடத்தில் புகை காட்டாமல் அவவுக்கு அடுப்பு மூட்ட வராது.

அன்று காலை பிரண்டன் கட்டியை ஒரு சப்பாத்துப் பெட்டியில் என்னிடம் தந்தார். "கண்ணாடிப் பெட்டி வரும் வரைக்கும் பத்திரமா வை." நான் பத்திரமான இடம் என்று நினைத்து அதைக் கொண்டுபோய் வைத்தது குசினி ராக்கைத் தட்டில். பெட்டிக்கு மேல் ஒரு சொல் எழுதவில்லை. நாலு பக்கம் எழுதி அரசாங்கத்தை மடக்கினவளுக்கு ஒரு சொல் எழுதக் கை வரவில்லை.

பின்னேரம் இரண்டு மணி. டப்ளினில் இருந்து வந்த பெண் அதிகாரி பேசிக்கொண்டிருந்தா. சதுப்பு ஏன் முக்கியம், அதை எரிக்காமல் விட்டால் எத்தனை பறவை திரும்பி வரும் என்று நல்லாகத்தான் சொன்னா. கிழவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். அப்போது பின் யன்னலால் ஒரு வாசம் உள்ளே வந்தது. எனக்கு அது சாம்பிராணி, அவ்வளவுதான். ஆனால் முன் வரிசையில் ஒரு கிழவி எழும்பினா. பிறகு இன்னொருவர். அதிகாரி பேச்சை நிறுத்தாமலே பார்த்துக்கொண்டு நிற்க, முழு மண்டபமும் ஒவ்வொருவராக எழும்பிப் பின் கதவால் வெளியே போனது.

நானும் ஓடினேன். முற்றத்தில், பாபிகியூத் தட்டில், பிரண்டனின் கட்டி பாதி எரிந்து புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செல்வம் அன்ரி சாம்பிராணியை அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றா. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சந்தோசம்.

"பிள்ளை, நான் தணலுக்குச் சிரட்டை கொண்டுவர மறந்துபோனன். நல்லவேளை நீ எனக்கெண்டு ஒரு வறட்டி எடுத்து வச்சிருக்கிறாய். நல்ல காய்ஞ்ச வறட்டி!" பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏன் பிள்ளை சனமெல்லாம் அழுகுது? புகை கண்ணுக்குள்ள போட்டுதோ?" என்றா.

வேலை போனது நிச்சயம். வேலை போனால் போகட்டும், அந்த மனிசனின் அப்பாவின் கடைசிக் கட்டி! பிரண்டன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். பார்த்தார். முகம் வெளிறிப் போனது. நான் வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டேன்.

"ஊத்தாதே" என்றார்.

"பிரண்டன், என்ர பிழை. அன்ரிக்குத் தெரியாது. நான் பெட்டியில ஒண்டும் எழுதேல்ல."

அவர் புகையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. "அப்பா ஒரு நாளும் இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சதில்லை" என்றார். "எரிக்கத்தான் வெட்டினவர்." பிறகு அழுதார். சத்தமாக, எல்லாருக்கும் முன்னால்.

அதிகாரியும் வந்து சேர்ந்தா. எரிக்க வேண்டாம் என்று பேச அத்தனை தூரம் பறந்து வந்தவ! எல்லாரும் அவவைப் பார்த்தார்கள். அவ தட்டுக்குக் கிட்ட வந்து நின்று, கையை நீட்டி அனல் காய்ந்தா. சிட்னி வெயிலில்! "இதை நான் பார்க்கேல்ல" என்றா. "ஆனா இன்னும் கொஞ்ச நேரம் நிண்டு பார்க்காமல் இருக்கிறன்." கிழவர்கள் அன்றைக்கு முதல் தரமாக அவவுக்குக் கை தட்டினார்கள்.

கட்டி முழுதாக எரிந்து முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. யாரும் உள்ளே போகவில்லை. பிடிலை வெளியே கொண்டுவந்தார்கள், வடையையும் வெளியே கொண்டுவந்தார்கள். சாம்பல் ஆறியதும் செல்வம் அன்ரி தன் வழக்கப்படி அதைச் சுளகில் கொழித்து, கல்லு நீக்கி, ஒரு கிண்ணத்தில் எடுத்தா. வறட்டிச் சாம்பல் என்றால் திருநீறுதானே அவவுக்கு! மூன்று விரலால் தன் நெற்றியில் பூசினா. பிறகு, பக்கத்தில் கண் சிவந்து நின்ற பிரண்டனைப் பார்த்து இரங்கி, "குனியுங்கோ தம்பி" என்றா. எழுபது வயதுத் தம்பி!

நான் தடுக்க வாயெடுத்தேன். அதற்குள் பிரண்டன் குனிந்துவிட்டார். விபூதிப் புதனுக்கு நெற்றியில் சாம்பல் வாங்கி வளர்ந்த சனம் அது. அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அந்தக் கிழவி. ஐந்து நிமிசத்தில் பாபிகியூவில் இருந்து கேற் வரைக்கும் வரிசை. கடைசி ஆள் அந்த அதிகாரி. செல்வம் அன்ரி பூசிய மூன்று குறியோடு, தேர் பார்க்க வந்த எங்கள் பிள்ளை மாதிரித்தான் இருந்தா. நான் மன்னார்க் கத்தோலிக்கச்சி. நானும் வரிசையில் நின்று வாங்கினேன்.

மறுகிழமை அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. காட்சிப் பொருள் இப்போது எங்கே உள்ளது என்று ஒரு கேள்வி. எங்கள் வீட்டு வேதப்படி உள்ளதை உள்ளபடி எழுதினேன்: 'எரிந்துவிட்டது. எல்லாரும் சுற்றி நின்றோம். சாம்பல் நெற்றிகளில் உள்ளது.' பிரண்டன் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, "நீயும் போடு" என்றார். என் பெயருக்குக் கீழே தன் கோழிக் கிளறலில் 'கலாசார அலுவலர்' என்று எழுதினார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம். மூன்று மாதமும் அன்றைக்கே முடிந்தது, வேலை நிரந்தரம் என்றார், நாள்காட்டியில் இன்னும் பதினாலு நாள் இருந்தது.

அந்தச் சங்கக் கட்டடம் இப்போது இல்லை. ஆறு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. பாபிகியூ இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். செல்வம் அன்ரி போய்விட்டா. அந்தச் சதுப்பில் தண்ணீர் ஏறிவிட்டதாம். பிரண்டனின் தமையன் அனுப்பிய படத்தில் அப்பாவின் காணி தெரியவில்லை, தண்ணீரும் பாசியும் ஒற்றைக் காலில் நின்ற ஒரு பறவையும்தான் தெரிந்தன. பிரண்டன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு" என்றார். அரசாங்கத்துக்கு அவர் கொடுத்த மன்னிப்பு அவ்வளவுதான்.

மிச்சச் சாம்பலை அவர் என்னிடம்தான் தந்திருந்தார். "இந்த முறை பெயர் எழுதி வை" என்றார். ஒரு கடுகு டப்பாவில் போட்டு, கொட்டை எழுத்தில் 'பிரண்டன்' என்று எழுதி, என் குசினி ராக்கையில் வைத்தேன். போன மழைக்காலம் அவருடைய மகள் தொலைபேசி எடுத்து, "அந்த டப்பாவைக் கொண்டு வாங்கோ எண்டு அப்பா சொல்லிப்போட்டுப் போயிட்டார்" என்றா. சவப்பெட்டியை மூட முதல், எல்லாரும் பார்த்து நிற்க, அவர் நெற்றியில் நான்தான் பூசினேன். மூன்று விரலால், அன்ரி பூசின மாதிரியே. ஒரு துகள் மிஞ்சவில்லை.

கடையில் வாங்கின வறட்டியை ராக்கையில் கொண்டுவந்து வைக்கும்போது அந்த வெறும் டப்பா கையில் பட்டது. திறந்து மணந்து பார்த்தேன். கடுகு வாசம்தான் அடித்தது.