எதை வைத்தாலும் ஒரே எடை

தராசக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். அது தவறு. வருவதாக இருந்தால் நடுவில் கொஞ்ச நேரமாவது போயிருக்க வேண்டுமே.

எடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவள் தொழில். பழக்கடை, இரும்புக்கடை, சரக்குக் கிடங்கு, மருந்துக்கடை வாசலில் ஆள் ஏறி நிற்கும் இயந்திரம், எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு ஏன் கூப்பிட்டோம் என்று நொந்துகொள்வார்கள். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருந்த கறிக்கடைக்காரரிடம், வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போதே, "ஏண்ணே, இந்தக் காந்தம் தராசோட வந்ததா, இல்ல உங்க மனசாட்சியில இருந்து கழண்டு விழுந்ததா?" என்று கேட்டவள் அவள். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்டதில்லை.

அவளுடைய பையைத் திறந்தால் ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் கையில் தட்டுப்படுவது ஒரு மரப்பெட்டி. உள்ளே பித்தளை எடைக்கற்கள். வெறும் விரலால் தொடமாட்டாள், துணியால்தான் எடுப்பாள். விரல் பிசுக்கு ஒட்டினால்கூட எடை மாறிவிடும் என்பாள். கடைக்காரர் என்ன கதை சொன்னாலும், தராசு என்ன கணக்குக் காட்டினாலும், முதலில் தனக்குத் தெரிந்த எடை ஒன்றைத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆணியைக் கழற்றுவாள். இருபது வருஷத்தில் இதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை. தன் அப்பா விஷயத்தில் மட்டும் பதினாறு நாள் மறந்துபோனாள்.

அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். கண்டக்டர் கயிற்றை இழுத்து ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு மணி அடித்தால் கிளம்ப வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, டிபன் பாக்ஸில் இரண்டு தட்டு தட்டினால்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வாசலைவிட்டு நகர்வார். தட்டாவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்பது மணிவரை நின்றாலும் நிற்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதைக் கொடுத்தாலும் அவருடைய முதல் வார்த்தை "வேண்டாம்"தான். டீ என்றால் வேண்டாம் என்பார், கை மட்டும் டம்ளருக்கு நீளும். புதுச்சட்டை எடுத்து வந்தால் "எனக்கெதுக்கு, வேண்டாம்" என்பார், மறுநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் டிப்போவுக்குப் போவார். அவருடைய வேண்டாம்களில் எது நிஜம், எது சும்மா என்று பிரித்துச் சொல்ல அம்மா ஒருத்தியால்தான் முடிந்தது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

ஒரு காலை, முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு குளியலறையில் சரிந்தார். மூளையின் இடதுபக்கம் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. விழுங்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாய். பேச்சு அடியோடு போய்விட்டது. ஏழாம் நாள் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. போன அத்தனை சொற்களில் திரும்பி வரத் தோன்றியது "வேண்டாம்" ஒன்றுக்குத்தான். முதல்முறை அதைக் கேட்டபோது அவள் சந்தோஷத்தில் அழுதாள். பிறகு பார்த்தால் ஊசிக்கும் வேண்டாம், ஜன்னலைத் திறந்தாலும் வேண்டாம், மூடினாலும் வேண்டாம்.

டாக்டர் காலைச் சுற்றில் வந்து கட்டிலருகே இரண்டு நிமிஷம் நிற்பார். பயிற்சி வார்டு என்று ஒன்று இருக்கிறது, ஆறு வாரம் கைகாலுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருவார்கள், ஆனால் நோயாளி ஒத்துழைக்க வேண்டும் என்றார். குனிந்து கேட்டார்.

"ஐயா, பயிற்சி வார்டுக்குப் போலாமா?"

"வேண்டாம்."

டாக்டர் எழுதிக்கொண்டார். மறுநாளும் கேட்டார், அதே பதில். அதையும் எழுதிக்கொண்டார். பேச்சுப் பயிற்சி தருபவர் மாதக் கடைசிவரை விடுப்பில் இருந்தார். அவருக்கென்ன, வாயுள்ளவர், விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று தராசக்கா பொருமினாள்.

இரண்டாம் மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரார்த்தனை அறை. எல்லா மதத்தாருக்கும் பொது என்பதால் படம் எதுவும் இல்லை. வெள்ளைச் சுவர், ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, "அமைதி காக்கவும்" என்றொரு பலகை. தினமும் மதியம் அந்தப் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து அவள் கடவுளைத் திட்டினாள்.

"முப்பத்தோரு வருஷம் ஒரு நாய்மேலகூட ஏத்தாம வண்டி ஓட்டின மனுஷன். அவரை இப்படிப் படுக்கவச்சுட்டு நீ எங்க போய் உக்காந்திருக்கே? உனக்கு வேற வேலையே இல்லையா?"

திட்டி முடித்ததும், "நாளைக்கும் வருவேன்" என்று எச்சரித்துவிட்டு எழுந்துகொள்வாள். ஒருநாள்கூடத் தவறவில்லை. அதற்குப் பக்தி என்று பெயர் வைத்தால் அவளே அடிக்க வருவாள். ஆனால் இல்லாத ஆளோடு யாரும் பதினாறு நாள் மெனக்கெட்டுச் சண்டை போடமாட்டார்கள்.

"அக்கா, நம்பிக்கையை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள் வார்டு நர்ஸ்.

"நான் எங்க சிஸ்டர் விட்டேன்? உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க."

பதினைந்தாம் நாள் அண்ணன் வெளியூரிலிருந்து மறுபடி வந்தான். அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியன். கேள்வி கேட்டு வந்த முதல் பதிலுக்கே மார்க் போட்டுப் பழகியவன். வராந்தாவில் வைத்துத் தங்கையிடம் மெதுவாக ஆரம்பித்தான்.

"பாப்பா, நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள முடிவு சொல்லணுமாம். பயிற்சி வார்டுல ஒரு பெட் காலியாகுது. நாம வேணாம்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"வேணும்னு சொல்லு."

"அப்பாவே வேண்டாம்ங்கறாரு. டாக்டர் ரெண்டு தடவை கேட்டாச்சு. மூக்குல குழாயைப் போட்டு, கையக் காலை முறுக்கி, எதுக்கு அவருக்கு இந்த இம்சை? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். குழாயை எடுத்துட்டா... நிம்மதியா போகட்டும்."

"எங்க போகட்டும்?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"சொல்லுண்ணா. எங்க போகட்டும்?"

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாழ்நாள் முழுக்க அப்பாவின் வேண்டாமைக் காதில் போட்டுக்கொள்ளாமல் டீயை ஊற்றிக் கொடுத்த குடும்பம் இது. இன்றைக்கு மட்டும் அது வேதவாக்காகிவிட்டதாம். ஆனால் எதிர்த்துச் சொல்ல அவளிடமும் கோபத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஒருவேளை இது அந்த நிஜ வேண்டாமாக இருந்துவிட்டால்? பிரித்துச் சொல்ல அம்மாவும் இல்லை.

பதினாறாம் நாள் காலை பழைய பேப்பர் கடைக்காரர் போன் செய்தார். தராசு மக்கர் செய்கிறதாம். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் யாரையாவது அடித்துவிடுவோம் என்ற பயத்தில்தான் அவள் போனாள். கட்டுக்கட்டாகச் செய்தித்தாள் அடுக்கிய குறுகிய கடை. நடுவில் வட்ட முகமும் முள்ளும் உள்ள பழைய தராசு.

"எதை வச்சாலும் மூணு கிலோன்னு காட்டுதுக்கா. நேத்து ஒருத்தர் ரெண்டு கட்டு கொண்டுவந்தார், மூணு கிலோ. இன்னிக்கு ஒரு அம்மா ஒரே ஒரு நோட்டுப் புத்தகம், அதுவும் மூணு கிலோ. தராசே சொல்லும்போது நான் என்ன பண்றது, மூணுன்னுதான் சீட்டு எழுதினேன்."

"உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? முள்ளு ஒட்டிக்கிச்சு. யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் மூணுதான், எலிக்குஞ்சை வச்சாலும் மூணுதான். இது எடையே சொல்லல. அதைப்போய் ரெண்டு நாளா எழுதி வச்சிருக்கீங்களே, தெரிஞ்ச எடை ஒண்ணை வச்சுப் பார்க்கணும்னு தோணல..."

வாய் பாதியில் நின்றது. எடைக்கல் துணியோடு கையில் இருந்தது. அதைப் பெட்டியில் போட்டு, பெட்டியைப் பையில் போட்டு எழுந்தாள்.

"அக்கா, தராசு?"

"ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு. எங்கயும் போயிடாது."

வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். ஊரான் தராசையெல்லாம் நம்பாதவள், டாக்டர் ஏட்டில் எழுதியதை நம்பினாயே, உனக்கெல்லாம் எதற்கடி பை, எதற்கடி பெட்டி என்று. ஆஸ்பத்திரிப் படியேறும்போது கடவுளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள். அவருக்கு நிஜமாகவே வேண்டாம் என்றால் நானே வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன், ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், நீ சொல்லவைக்கக் கூடாது.

பதினோரு மணிக்குக் கட்டிலைச் சுற்றி டாக்டர், நர்ஸ், அண்ணன். படிவம் அண்ணன் கையில். டாக்டர் வழக்கம்போலக் குனிந்தார்.

"ஐயா, பயிற்சி வார்டுக்குப் போலாமா?"

"வேண்டாம்."

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றாள் அவள். "நானும் கேக்கறேன். எனக்குப் பதில் தெரிஞ்ச கேள்வி. அப்பா, நீங்க பஸ் ஓட்டினீங்களா?"

"வேண்டாம்."

"கப்பல் ஓட்டினீங்களா?"

"வேண்டாம்."

"இதோ நிக்கறானே, இவன் உங்க பிள்ளைதானே?"

"வேண்டாம்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்பா, வைத்தியத்தை நிறுத்திடலாமா?"

"வேண்டாம்."

அவள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதிக்கங்க டாக்டர். நிறுத்த வேண்டாம்ங்கறாரு. அவர் வாயாலயே சொன்னாரே. நேத்து அப்படித்தானே எழுதினீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே சொல் ஒட்டிக்கிறது உண்டும்மா. நான் கவனிச்சிருக்கணும். தப்புதான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "ஆனா அவருக்கு வேணும்னும் இதுல தெரியலையே."

அது நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததால் அவளுக்கு இன்னும் எரிந்தது. அவளுடைய சோதனையில் தராசு கெட்டுப்போனது தெரிந்தது, எடை தெரியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இடது கை போர்வைமேல் கிடந்தது, அந்தக் கைக்கு ஒரு குறையும் இல்லை. அதைத் தூக்கிப் பார்த்தபோதுதான் அவளுக்கு டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. பெட்டியைத் திறந்து, சின்னப் பித்தளைக் கல் ஒன்றை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்து, கையைக் கட்டில் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"வாயை விடுங்கப்பா. அது சொன்ன பேச்சு கேக்காது. நீங்கதான் இப்போ கண்டக்டர். ஒரு மணி நில்லு, ரெண்டு மணி ரைட். கப்பல் ஓட்டினீங்களா?"

டங்.

"பஸ் ஓட்டினீங்களா?"

டங். டங்.

"நான் கோபக்காரியா?"

டங். டங். கொஞ்சம் விட்டு மூன்றாவதாகவும் ஒன்று. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தராசக்கா சிரிக்கவில்லை. குனிந்து அவர் கண்ணுக்கு நேராகச் சொன்னாள். "ஆறு வாரம். வலிக்கும். பழையபடி நடப்பீங்கன்னு பொய் சொல்லமாட்டேன். வீட்டுக்குப் போகணும்னா இன்னிக்கே போலாம், நான் திட்டமாட்டேன். வண்டி நிக்கட்டுமா, போகட்டுமா?"

டங்.

கல் விரலிலிருந்து நழுவிப் போர்வையில் விழுந்தது. அதுதான் பதிலா, பாதிப் பதிலா? அவள் துணியைத் தேடவில்லை. வெறும் விரலால் கல்லை எடுத்துத் திரும்ப அவர் கையில் வைத்தாள். கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவதாக ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

டங். டங்.

"வேண்டாம்" என்றார் அப்பா. வாயின் இடதுகோடி மேலே ஏறியது. விரல்கள் அந்தக் கல்லை டீ டம்ளரைப் பிடிப்பதுபோல் இறுக்கிக்கொண்டன.

அவள் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "பதினாறு நாள்! கம்பியில தட்டணும்னு உங்களுக்கும் தோணல பாருங்க. ஒரு தடவையாவது வேணும்னு சொல்லிப் பழகியிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா? அம்மா உங்களைக் கெடுத்து வச்சிருக்கா!"

அண்ணன் சுவரோடு சுவராக நின்றான். "பாப்பா, எனக்குப் பயமா இருந்துச்சு. அவரை இப்படிப் பார்க்க முடியல."

"எனக்கும்தான் பயம். நான் திட்டினேன். நீ குழாயை எடுக்கச் சொன்னே." அதை அவள் மன்னிக்கவில்லை. இன்றுவரை முழுதாக மன்னித்தாளா என்று சொல்வதற்கில்லை. ஆனால் பேனாவை அவன் கையில் அவளேதான் கொடுத்தாள். "மூத்த பிள்ளை கையெழுத்துதான் கேக்கறாங்க. போடு."

அண்ணன் படிவத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துப் பேனாவை ஊன்றினான்.

"வேண்டாம்" என்றார் அப்பா.

பேனா அப்படியே நின்றது. அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"எழுதுண்ணா" என்றாள் தராசக்கா. "டீக்கும் அப்படித்தான் சொல்வாரு."

அவன் தன் நீளமான கையெழுத்தைப் போட்டு முடிக்கும்வரை அப்பா கட்டில் கம்பியில் இரண்டிரண்டாக அடித்துக்கொண்டே இருந்தார்.