தோல் சீவிய எலுமிச்சம்பழங்கள்

விரல் முட்டியில் தோல் உரிந்த இடத்தில் எலுமிச்சைச் சாறு பட்டால் முதலில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். எரிச்சல் ஒரு மூச்சு கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் அம்மா "ஒண்ணுமில்ல" என்று சொல்லி முடித்துவிடுவாள். பால்பவுடர் டின்னின் மூடியில் ஆணியால் நெருக்கமாகத் துளையிட்டு, முள்முள்ளாக நிமிர்ந்து நிற்கும் மறுபக்கத்தில் பழத்தைத் தேய்த்து மஞ்சள் தோலை மட்டும் துருவி எடுப்பது அவள் முறை. அந்தத் தகரம் பழம் எது, விரல் எது என்று பாகுபாடு பார்க்காது. எங்கள் வீட்டில் பாரபட்சமில்லாமல் நடந்துகொண்ட ஒரே பொருள் அதுதான்.

கல்யாணத்துக்கு முன்பு அம்மா கன்னியாஸ்திரிகள் மடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தவள். எலுமிச்சை கேக்கை அங்கேதான் கற்றாள். அலுமினிய குண்டானில் ஆற்று மணலைக் கொட்டி, நடுவில் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடி, மூடிக்கு மேலே நெருப்புத் துண்டங்களைப் பரப்பிவிட்டால் அதுதான் எங்கள் "ஓவன்". அவள் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் கிறிஸ்துமஸில் அந்தக் கேக்கைப் பாதிக்குமேல் தின்றவர் அப்பாவின் தம்பி, சவரி சித்தப்பா. எப்படிச் செய்தாள் என்று அவர் கேட்கவில்லை. ஆண்கள் தின்பதோடு கடமை முடிந்துவிடும் வீடு அது.

நான் ஆறாவது படித்த வருஷம், நீடாமங்கலம் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பாவுக்கு மஸ்கட் விசா வந்தது. குழாய் பொருத்தும் வேலை. மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் குறுவை போய், சம்பாவும் பாதிதான் என்றிருந்த நேரம்; அந்த விசா அவர் குடும்பத்துக்கு உயிர். அதனால் அதை வெளியே சொல்லவே பயந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே கொல்லை. ஆனால் கொல்லைச் சுவர் தகராறில் அப்பாவும் அவரும் பேசிக்கொள்வதில்லை. எங்களுக்கு விஷயம் தெரிந்தது சித்தப்பா சந்தையில் தோல்பெட்டி வாங்கியதைப் பார்த்துத்தான்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பா வயலுக்குப் போனதும், அம்மா கொல்லை மரத்து எலுமிச்சம்பழங்களைப் பறித்து வந்து தகரத்தில் தேய்க்க ஆரம்பித்தாள். கேக்கோடு போய் நின்றால் கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டான் என்பது அவள் கணக்கு. அவசரத்தில் இரண்டு விரல் நன்றாகக் கிழிந்தது. தோல் போய் வெளுத்த பழங்களை நறுக்கிப் பிழிந்து, ரத்தம் ஒட்டிய பழ மூடிகளைக் கொல்லையில் வீசினாள். சித்தப்பா வீட்டு நாய்க்குட்டி அவற்றைப் பந்தென்று நினைத்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய்த் தன் வீட்டு வாசலில் போட்டு விளையாடியது.

நாங்கள் கத்தோலிக்கர்கள், செய்வினையில் எங்களுக்கு நம்பிக்கை கிடையாது, பயம் மட்டும் உண்டு. எலுமிச்சம்பழத்தின் தோலைச் சுரண்டும் சமையல் எங்கள் பக்கம் எவருக்கும் தெரியாது. பயணத்துக்கு முந்தின நாள் வாசலில் தோலுரித்து ரத்தம் தடவிய பழம் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பின்னாளில் அலுவலகத்தில் எத்தனையோ விசாரணைகளுக்குக் கோப்பு எழுதி, விருப்ப ஓய்வில் வந்தவன் நான். முறைப்படி முதலில் விளக்கம் கேட்க வேண்டும், பிறகு சாட்சி, கடைசியில் தண்டனை. ஞானம்மா சித்தி தண்டனையில் தொடங்கினாள். அடுப்படிக்குள் புகுந்து அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்து, தலையைக் கதவு நிலையில் மோதினாள். இரண்டாவது மோதலில் நெற்றி பிளந்தது. பின்னாலேயே மண்வெட்டிக் காம்போடு வந்த சித்தப்பா, ஒரு பழ மூடியை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது யாரு ரத்தம், அண்ணி?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

"என் ரத்தந்தான், தம்பி. உங்களுக்காகத்தான்..."

மீதியைச் சொல்ல விடவில்லை. காம்பு அவள் தோளில் இறங்கியது. அடுத்த அடி அவள் தடுத்த கையில். மந்திரச் சட்டி இதுதான் என்று சித்தி காட்ட, சித்தப்பா அடுப்பிலிருந்த குண்டானை வெறுங்காலால் எட்டி உதைத்தார்.

மூடியிலிருந்த நெருப்பு சிதறியது. பழுக்கக் காய்ந்த மணல் அவர் பாதத்தை மூடி, விரலிடுக்குகளில் இறங்கியது. அவர் போட்ட சத்தத்தை நான் அதற்குப் பிறகு மனிதர்களிடம் கேட்டதில்லை. மணலுக்கு நடுவில் பாதி வெந்த கேக் கவிழ்ந்து கிடந்தது. அடுப்படி முழுக்க எலுமிச்சையும் வெல்லப்பாகுபோல் கருகும் சர்க்கரையும் மணத்தன. தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தப்பா, அந்த வாசனையில் ஊளையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா ரத்தம் வழியும் நெற்றியோடு குடத்துத் தண்ணீரை எடுத்து வந்து அவர் காலில் ஊற்றினாள்.

வயலிலிருந்து திரும்பிய அப்பாவும் விளக்கம் கேட்கவில்லை. காலை நீட்டிக் கிடந்த தம்பியைக் கன்னத்தில் அறைந்தார். பேசாத வீட்டுக்குக் கேக் சுட்டதற்காக அம்மாவை அறைந்தார். பிறகு அரிவாளை எடுத்துப்போய் எலுமிச்சை மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்தார். விளக்கம் கேட்கப்படாமலே அடி வாங்கியவர்களோடு மரமும் சேர்ந்துகொண்டது.

கொப்புளம் கட்டிய காலில் செருப்புகூட ஏறவில்லை. விசா நாள் தவறியது. ஏஜெண்டு வேறொருவனை அனுப்பிவிட்டான். சித்தப்பாவுக்குப் பிறகு எந்த விசாவும் வரவில்லை. செய்வினை பலித்துவிட்டது என்று சித்தி சாகும்வரை சொன்னாள்.

இப்போது கொல்லைச் சுவரும் இல்லை, அதற்காகச் சண்டை போட்டவர்களில் அப்பாவும் இல்லை. அம்மா ஆரோக்கியமாதா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். மரம் நின்ற இடத்தில் தண்ணீர்த் தொட்டி. சித்தப்பாவின் பெண்கள் இருவரும் வெளிநாட்டில். அவர் மட்டும், வலது பாதத்தில் பளபளக்கும் சுருங்கிய தோலோடு, பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டுக்குக் காவல் மாதிரி இருக்கிறார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது மன்னார்குடி பேக்கரியில் எலுமிச்சை கேக் வாங்கிப் போனேன். ஒரு விள்ளல் வாயில் போட்டார். வெறும் எசன்ஸ் என்று எடுத்து வைத்துவிட்டார். தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கி அது நல்லா வெந்துருக்குமாடா?"

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெந்துருக்கும், சித்தப்பா."

அவர் கையைக் கீழே கொண்டுபோய்ப் பாதத்தைப் பொத்திக்கொண்டார்.