பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

முகம் தெரியாத நாற்பது மருத்துவர்களை அவளுக்குக் குரலால் தெரியும். ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் செருமுவார். இன்னொருவர் நோயாளியின் வயதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். அவர்கள் பேசி அனுப்புவதைக் காதில் வாங்கி அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அவளுடைய பதினோரு வருட வேலை. படுக்கையறை ஜன்னலோரம் ஒரு மேஜை, கால் வைக்க ஒரு பலகை. அவ்வளவுதான் அலுவலகம்.

நிறுவனம் அவளுடைய சொந்தக் கணினியில் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் போட்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது திரையைப் படம் பிடிக்கும். நாத்தனார் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். "எங்கம்மாகூட உங்களை இவ்வளவு உத்துப் பார்த்ததில்ல அண்ணி" என்பாள்.

போன வாரம் அவள் வேலையை விட்டாள். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தாள். உண்மையில் வேறொரு நிறுவனம் கூப்பிட்டிருந்தது. அவர்களுக்கு ஒரே நிபந்தனை: நோயாளிகளின் விவரம் புழங்கும் கணினியில் வெளியாள் கண் எதுவும் இருக்கக் கூடாது. இன்று நான்கு மணிக்கு அவர்களுடைய ஆள் தொலைவிலிருந்தே கணினிக்குள் வந்து பார்ப்பார். ஏதாவது இருந்தால் வேலை கிடையாது. பழைய இடத்துக்கும் இனித் திரும்ப முடியாது.

மணி இரண்டு இருபது. மாமியார் போவதாக இல்லை.

நீக்கு என்று அழுத்தினால் கடவுச்சொல் கேட்டது. அது மேற்பார்வையாளர்களிடம்தான் இருக்கும். இயக்கத்தை நிறுத்திப் பார்த்தாள். இரண்டு விநாடியில் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. கணவனுக்குப் போன் செய்தாள். அவன் தராசு பழுதுபார்ப்பவன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"நாலு தடவை பண்ணியாச்சு."

"அப்ப அஞ்சாவது தடவை பண்ணு."

நாத்தனார் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். சீப்பும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள். "ஃபோல்டரையே தூக்கிடுங்க அண்ணி. வீடே இல்லன்னா எங்க போய் உட்காரும்?"

சரியென்று பட்டது. விரல்கள் தாமாக ஷிஃப்டையும் டெலிட்டையும் சேர்த்து அழுத்தின. நோயாளிகளின் கோப்புகளைக் கணினியின் குப்பைத் தொட்டியில்கூட விட்டுவைக்கக் கூடாது என்பது அவள் தொழிலின் சட்டம். பதினோரு வருடமாக அவள் அழித்ததெல்லாம் அடியோடு அழித்ததுதான். பாதிக் கோப்புகள் போயின. மீதிப் பாதி, வேலையாக இருக்கிறோம் என்று நகர மறுத்தன. மறுபடி நீக்கு என்றாள். நீக்குவதற்கான கோப்பையே காணவில்லை என்றது கணினி. குப்பைத் தொட்டியில் தேடினாள். காலி.

"இப்ப என்னடி செய்யறது?"

"நான் வாயால சொன்னேன். கை உங்களுது" என்று சொல்லிவிட்டு நாத்தனார் செருப்பை மாட்டினாள்.

மென்பொருள்காரர்களின் உதவிப் பக்கத்தில் வழி இருந்தது. அதையே மறுபடி நிறுவ வேண்டும். அதன் பிறகு மேற்பார்வையாளரின் கடவுச்சொல்லோடு நீக்க வேண்டும். அடியில் இன்னொரு வரி: உள்ளே நுழைந்ததும், தேங்கியிருக்கும் படங்கள் முதலில் மேற்பார்வையாளருக்குப் போகும்.

வேலையை விட்ட நாளிலிருந்து அவள் அதற்குள் நுழையவே இல்லை. ஒரு வாரத்துப் படங்கள். புது நிறுவனத்தின் கடிதம், சம்பளம், 'உடனே சேரத் தயார்' என்ற அவளுடைய பதில், எல்லாம் அதில் இருக்கும். உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தது அந்த மேற்பார்வையாளர் அக்காவிடம்தான்.

மூன்று பத்துக்கு அக்காவைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா, உடம்பு எப்படி இருக்கு?"

"பரவால்லக்கா." ஃபோல்டரை அழித்து மாட்டிக்கொண்டதை மட்டும் சொன்னாள்.

"எல்லாத்துலயும் வேகம் உனக்கு. சரி, போட்டுட்டு உள்ள வா. பாஸ்வேர்டு தரேன்."

நிறுவினாள். உள்ளே நுழையும் பொத்தானின் மேல் விரல் நின்றது.

"அக்கா, படம் வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"தெரியும். கடைசி நாள் முப்பத்தெட்டு ரிப்போர்ட் அடிச்சே. சீக்காளி அடிக்கிற அடியா அது?"

பொத்தானை அழுத்தினாள். படங்கள் போகத் தொடங்கின. அந்தப் பக்கம் மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு சொடுக்கு, கொஞ்சம் அமைதி, இன்னொரு சொடுக்கு. ஓரிடத்தில் அமைதி நீண்டது. அக்கா எதைப் படிக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாற்பது.

"அக்கா, பாஸ்வேர்டு..."

"இரு. படிச்சிட்டிருக்கேன்ல." மறுபடி ஒரு சொடுக்கு. "அங்கேயும் இப்படிப் படம் பிடிப்பாங்களா?"

"கேக்கலக்கா."

"கேட்டிருக்கணும்."

பிறகு அக்கா கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக, மருந்தின் பெயரைச் சொல்வதுபோல நிறுத்திச் சொன்னாள். அவள் அடித்தாள். நீக்கட்டுமா என்று கேட்டது. ஆமாம். கணினி அணைந்து எழுந்தபோது மூன்று ஐம்பத்து நான்கு. மேலிருந்து கீழ்வரை தேடினாள்.

"போயிடுச்சுக்கா."

"படங்களை நானும் இங்க அழிச்சிடறேன்." அக்கா போனை வைக்கவில்லை. "அந்த லெட்டர்ல இருந்த அவங்க போன் நம்பரை மட்டும் எனக்காக எழுதி வச்சுக்கிட்டேன். தப்பா நினைக்காத."